தண்ணீர் இறங்குது, ஆள் ஏறுது

சிவகங்கைப் பக்கத்திலிருந்து ஓர் இளைஞர் நம் இதழின் கேள்வி பகுதிக்கு எழுதியிருந்தார். ‘எங்கள் ஊரில் ஐப்பசி மழையை நம்பித்தான் வெள்ளாமை. கம்பம் பள்ளத்தாக்கில் வருஷம் முழுக்கப் பச்சையாகவே இருக்கிறதாமே? அங்கே இரண்டு ஏக்கர் குத்தகைக்குப் பிடித்துத் திராட்சை போட்டால் பிழைத்துக்கொள்ள முடியுமா?’ என்று கேட்டிருந்தார். நாலு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால், நாலு வரியில் அடங்குகிற ஊரில்லை அது. அதனால், ஆவணி மாதத்தில் மூன்று நாள் அந்தப் பக்கம் சுற்றிவிட்டு வந்தேன்.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் பஸ் ஏறும்போது, ரெண்டு பக்கமும் கரடும் முள்ளும் ஆடுகளும்தான். ‘இங்கேயா பச்சை?’ என்று சந்தேகம் வரும். தேனி தாண்டி, வீரபாண்டியில் முல்லையாற்றுப் பாலத்தைக் கடந்த பிறகு காட்சி மாறுகிறது. சின்னமனூர் நெருங்கும்போது சாலையின் இருபுறமும் நெல்லும் வாழையும் தென்னையும் வெற்றிலைக் கொடிக்காலும்தான். உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று போகப்போக மலை ரெண்டு பக்கமும் நெருங்கி வருகிறது. கடைசியில் லோயர்கேம்ப்பில், ‘இதற்கு மேல் தமிழ்நாடு இல்லை’ என்பதுபோல எதிரே சுவராக நிற்கிறது.

இந்த மலைதான் இங்கே மழையைத் தடுப்பதும். தென்மேற்குப் பருவமழையை மலைக்கு அந்தப் பக்கமே கேரளம் வாங்கிக்கொள்கிறது. இந்தப் பக்கம் வருவது காற்றும் சாரலும்தான். அதாவது, பள்ளத்தாக்கும் ஆண்டிபட்டி மாதிரியே வறண்டு கிடந்திருக்க வேண்டிய பூமி. கிடக்காமல் இருப்பதற்கு ஒரு சுவரும் ஒரு சுரங்கமும் காரணம்.

மலையைக் குடைந்து வந்த தண்ணீர்

முல்லைப்பெரியாறு கதை நம் வாசகர்கள் பலருக்கும் தெரிந்ததுதான். மேற்கே ஓடி அரபிக்கடலில் விழுந்த தண்ணீரைக் கிழக்கே திருப்பலாம் என்ற யோசனை, 1789-லேயே ராமநாதபுரம் சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளைக்கு வந்திருக்கிறது. செலவு தாங்காது என்று அவர் விட்டுவிட்டார். 1876-78 பஞ்சத்தில் ஜனங்கள் கொத்துக்கொத்தாகச் செத்த பிறகுதான், வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு வேகம் வந்தது. 1886-ம் வருஷம் அக்டோபர் 29-ம் தேதி, திருவிதாங்கூர் மகாராஜாவோடு குத்தகைப் பத்திரம் எழுதினார்கள். சுமார் 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய், 999 வருஷம்! குத்தகை என்றவுடனே மூன்று வருஷம், ஐந்து வருஷம் என்று யோசிக்கிற நமக்கு இந்தக் கணக்கு கொஞ்சம் மலைப்பாகத்தான் இருக்கும். 1970-ல் அதை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்தினார்கள்.

பொறியாளர் ஜான் பென்னிகுவிக் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்து கட்டிய அணை, 1895 அக்டோபரில் திறக்கப்பட்டது. தேக்கடியில் இருக்கிற மதகு வழியாக, சுமார் ஒரு மைல் நீளச் சுரங்கத்தில் தண்ணீர் மலையைக் கடக்கிறது. பிறகு ராட்சதக் குழாய்களில் இறங்கி, லோயர்கேம்ப் மின் நிலையத்தில் கரன்ட் கொடுத்துவிட்டு, முல்லையாறாக ஓடி வைகையில் சேர்கிறது. அணையில் 104 அடிக்குக் கீழே தண்ணீர் போய்விட்டால் இந்தப் பக்கம் சொட்டுக்கூட வராது. சுரங்கத்தின் வாய் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. அதனால்தான், வேறு ஊர் விவசாயிகள் காலையில் எழுந்து வானத்தைப் பார்க்கும்போது, கம்பத்து விவசாயி பேப்பரில் அணை நிலவரத்தைப் பார்க்கிறார். 136 அடி, 142 அடி, 152 அடி என்று மூன்று எண்கள் இங்கே சின்னப்பிள்ளைக்கும் தெரியும். 152 அடி தேக்கிய அணையில், பாதுகாப்பைக் காரணம் காட்டி 1979-ல் 136 அடியாகக் குறைத்தார்கள். 142 அடிவரை தேக்கலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2006-லும், மறுபடி 2014-லும் தீர்ப்பு சொன்னது.

ஜூன் 1-ம் தேதி தண்ணீர் திறந்தால் பள்ளத்தாக்கில் முதல் போகம். சுமார் 14,700 ஏக்கர் இருபோக நெல்லுக்கு இந்தத் தண்ணீர்தான் ஆதாரம். நான் போனபோது முதல் போகப் பயிர் பூட்டைப் பருவத்தில் நின்றது. வாய்க்கால் கரையில் மண்வெட்டியோடு நின்ற ஒரு பெரியவர், “என் தாத்தா காலத்துல இருந்து இந்த மடையில தண்ணி நின்னு பார்த்ததில்லையா. நின்ன வருஷம், ஊரே நின்னு போச்சுன்னு அர்த்தம்” என்றார்.

பென்னிகுவிக்குக்கு இங்கே இருக்கிற மரியாதை நேரில் பார்த்தால்தான் புரியும். அவர் பிறந்தது 1841 ஜனவரி 15-ம் தேதி. நம் தைப்பொங்கல் சமயத்தோடு ஒட்டி வருவதால், பாலார்பட்டி மாதிரி ஊர்களில் அவர் படத்தை வைத்தே பொங்கல் வைக்கிறார்கள். தேனி புது பஸ் ஸ்டாண்டுக்கு அவர் பெயர். லோயர்கேம்ப்பில் 2013-ல் மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைக்கு அந்தப் பெயரையே வைத்த வீடுகளும் உண்டு. எல்லாம் சரிதான். எனக்கு ஒரே ஒரு குறை. அவர் சிலைக்கு மாலை போடுகிற ஊரில், அவர் அனுப்பிய தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் பிளாஸ்டிக் பையும் மது பாட்டிலும் மிதக்கின்றன. கரை ஓரத்து ஆக்கிரமிப்பைப் பற்றிக் கேட்டால், எல்லோரும் அடுத்த தெருக்காரரைக் கைகாட்டுகிறார்கள். மாலைக்குச் செலவாகிற காசில் ஒரு நாள் கூலிக்கு ஆள் விட்டாலே, ஒரு கிளை வாய்க்கால் சுத்தமாகும்.

சிவகங்கைத் தம்பிக்கு இந்த இடத்திலேயே ஒன்று சொல்ல வேண்டும். இந்தத் தண்ணீர் கம்பத்துக்காக மட்டும் வந்ததில்லை. வைகை அணை வழியாகப் பெரியாறு பிரதானக் கால்வாயில் மேலூர் வரைக்கும், அதைத் தாண்டி சிவகங்கை மாவட்டத்தில் சில கண்மாய்கள் வரைக்கும் போகிறது. நீங்கள் கடைமடையில் இருக்கிறீர்கள், இவர்கள் தலைமடையில் இருக்கிறார்கள். தலைமடைக்காரருக்கும் இப்போது ஒரு கவலை வந்திருக்கிறது. லோயர்கேம்ப்பிலிருந்து மதுரை மாநகரத்துக்குக் குழாயிலேயே குடிநீர் கொண்டுபோகும் திட்டம் வந்தபோது, இங்கே விவசாயிகள் எதிர்த்தார்கள். ‘குடிக்கத் தண்ணீர் தர மாட்டோம் என்று சொல்லவில்லை. ஆற்றில் விட்டு, வைகை அணையிலிருந்து எடுங்கள். ஆறு நனைந்துகொண்டே போனால் எங்கள் கிணறும் ஊறும்’ என்பது அவர்களுடைய வாதம். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது.

அந்த வைகை அணைக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1959-ல் காமராஜர் காலத்தில் அது திறக்கப்பட்டபோது, நீர்ப்பிடிப்புக்குள் போன கிராமங்கள் பல. வைரமுத்து பிறந்த மேட்டூரும் அதில் ஒன்று. அவருக்கு 2003-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கித் தந்த ‘கள்ளிக்காட்டு இதிகாசம்’ நாவல், அப்படி ஊரை இழந்த ஒரு விவசாயியின் கதைதான். நாம் மடையைத் திறக்கும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய ஜனங்கள் அவர்கள்.

விடியுமுன்னே கிளம்பும் ஜீப்புகள்

இரண்டாம் நாள், நாலு மணிக்கே எழுந்து கம்பம் மெட்டுச் சாலைக்குப் போனேன். டீக்கடையில் மட்டும்தான் வெளிச்சம். அதைச் சுற்றி ஜீப்புகள். தூக்குவாளியும், தோளில் போட்ட பழைய சட்டையும், மழைக்குப் பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். எல்லோரும் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்கள். கூடலூர்க்காரர்கள் குமுளி வழியாக, கம்பத்துக்காரர்கள் கம்பம் மெட்டு வழியாக, போடிக்காரர்கள் போடிமெட்டு வழியாக என்று தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் இடுக்கி மாவட்டத்துக்கு ஏறுகிறார்கள். சாயந்திரம் இறங்கி வந்துவிடுகிறார்கள். தண்ணீர் மேலேயிருந்து கீழே வருகிற அதே மலையில், ஆட்கள் கீழேயிருந்து மேலே போகிறார்கள்.

ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்தேன். “சொந்த நிலம் எதுவும் இல்லையாம்மா?” என்றேன்.

“ஏன் இல்லாம? அறுபது சென்ட் நெல்லு இருக்குண்ணே. உழவு, நடவு, உரம், அறுப்பு மெஷின்னு எல்லாம் போக, வீட்டுச் சோத்துக்கு வரும். அவ்வளவுதான். மக படிப்பு, மகன் கல்யாணம், வீட்டுக்குக் காரை போட்டது எல்லாம் ஏலக்காட்டுக் கூலியிலதான். நடவுக்கு ஆளு கூலி குடுக்கணும்னா, அதுக்கும் நான் மேல போய்த்தான் சம்பாரிச்சுட்டு வரணும்.”

நான் இந்தப் பயணத்தில் கேட்ட பேச்சுகளில் மனசில் தைத்தது இதுதான். தன் வயலில் நடவு நடுவதற்குக் கூலி கொடுக்க, அவர் அடுத்த மாநிலத்துக் காட்டில் கூலி வேலை பார்க்கிறார். ‘அப்படியானால் நிலத்தை விற்றுவிடலாமே’ என்று பட்டணத்தில் இருக்கிறவர்கள் கணக்குப் போடுவார்கள். அந்த அம்மாவிடம் நானும் கேட்டேன். “நெல்லு விக்கிறவ விலைக்கு அரிசி வாங்கித் திங்குறதா?” என்று சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். அந்த ஜீப்பில் எத்தனை பேர் என்று எண்ண முயன்றேன். பதினைந்துக்கு மேல் இருட்டில் எண்ண முடியவில்லை. கொண்டை ஊசி வளைவுகளில் இவ்வளவு பாரத்தோடு போவது ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். தோட்டத் தொழிலாளர் ஜீப் கவிழ்ந்த செய்தி இந்த மாவட்டத்துப் பேப்பர்களில் அடிக்கடி வருகிறது. நாலு நாள் சோதனை நடக்கும். அஞ்சாம் நாள் பழையபடி. தோட்ட முதலாளிகள் சேர்ந்து பஸ் விட்டால் என்ன கெட்டுப்போகும் என்று தெரியவில்லை.

1956-ல் மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது, தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்குப் போயின. தமிழர்கள் கேட்டுப் போராடியும் கிடைக்கவில்லை. கோடு வரைபடத்தில்தான் விழுந்தது. ஏலக்காட்டில் பல தோட்டங்களுக்கு முதலாளியும் தேனி மாவட்டம், தொழிலாளியும் தேனி மாவட்டம். இங்கே விளைகிற காய்கறியும் வாழையும் பாலும் போவது அந்தப் பக்கம். இந்தக் கோட்டில் கதவைச் சாத்தினால் என்ன ஆகும் என்பதை ரெண்டு தடவை பார்த்துவிட்டார்கள். 2011 டிசம்பரில் அணைப் பிரச்னை கொதித்தபோது, பள்ளத்தாக்கிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் குமுளி எல்லைக்குப் பேரணியாகப் போனார்கள். மலைச் சாலைகள் மூடப்பட்டன. மேலே பறிக்க ஆளில்லாமல் ஏலக்காய் செடியிலேயே நின்றது. கீழே வேலையில்லாமல் ஜனங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது மறுபடியும் அதே கதை. ‘பாஸ்’ இல்லாமல் மெட்டுத் தாண்ட முடியாது. ரெண்டு தடவையும் அடிபட்டது, அணையைப் பற்றி மேடையில் பேசியவர்கள் யாரும் இல்லை.

கோட்டை மதிக்காத ஒருத்தர் உண்டு. இடுக்கியில் சின்னக்கானலில் அரிசிக்காகக் கடைகளை உடைத்ததால் ‘அரிக்கொம்பன்’ என்று பெயர் வாங்கிய யானை. கேரள வனத்துறை பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டால், மேகமலை வழியாக இறங்கி, 2023 மே 27-ம் தேதி கம்பம் நகரத் தெருவிலேயே நடந்தது. ஜூன் 5-ம் தேதி தமிழ்நாடு வனத்துறை பிடித்து, களக்காடு முண்டந்துறைக் காட்டில் கொண்டுபோய் விட்டது. அந்த நாள்களில் தோட்டத்துக் காவலுக்குப் போகாமல் வீட்டுக்குள் இருந்ததை, இன்னமும் டீக்கடையில் கதை கதையாகச் சொல்கிறார்கள்.

பன்னீர் திராட்சைப் பந்தல்

இப்போது தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

கம்பம், கூடலூர், சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி சுற்றுவட்டாரத்தில் சுமார் 2,000 ஏக்கரில் பன்னீர் திராட்சை இருக்கிறது. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் கொண்டுவந்தது என்று சொல்கிறார்கள். 2023-ல் ‘கம்பம் பன்னீர் திராட்சை’க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற இடங்களில் திராட்சைக்கு ஒரு சீசன். இங்கே மாதம் எதுவானாலும் ஏதோ ஒரு பந்தலில் அறுவடை நடக்கும். கவாத்து அடித்து நாலு மாதத்தில் பழம் வெட்டலாம் என்பதால், தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்தை முன்பின்னாக மாற்றிக்கொள்கிறார்கள்.

சுருளிப்பட்டிப் பக்கம் ஒரு பந்தலுக்குள் குனிந்து போனேன். நல்ல வெயில் நேரம். உள்ளே நிழலும் பழ வாசனையும். தலைக்கு மேலே கறுத்த கொத்துகள். பார்க்கிறவருக்கு இது சொர்க்கம். தோட்டக்காரர் முகத்தில் அது தெரியவில்லை.

“பார்க்க நல்லாத்தாண்ணே இருக்கும். ஒரு மழை அடிச்சா பழம் வெடிச்சிரும். மூட்டம் போட்டா அடிச்சாம்பல் வந்திரும். மருந்து அடிக்காத வாரம் கிடையாது. இதைப் பறிச்சு ரெண்டு நாளைக்கு மேல வச்சுக்கவும் முடியாது. வியாபாரி அதைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் விலை சொல்றாரு. போன வெட்டு நல்ல விலை. அதுக்கு முந்துன வெட்டு, வெட்டுக் கூலிக்கே கையைக் கடிச்சிருச்சு” என்றார்.

“புவிசார் குறியீடு வந்த பிறகு விலை கூடவில்லையா?”

“அது பெட்டி மேல ஒட்டுற பேப்பர்ல இருக்குண்ணே. பெட்டி நம்மளுது இல்லையே, வியாபாரியோடது.”

ஆக, தம்பிக்கு என் பதில் இதுதான். திராட்சைக்குக் கல் தூண், கம்பி, பந்தல் என்று ஆரம்பச் செலவே பெரிசு. நட்டு முதல் பழம் பார்க்க ஒன்றரை வருஷம் போலாகும். அதற்குப் பிறகு கொடி பதினைந்து, இருபது வருஷம் நின்று காய்க்கும். மூன்று வருஷக் குத்தகைக்குப் புதுப் பந்தல் போட்டால், நீங்கள் போட்ட பந்தலில் நிலத்துக்காரர் பழம் வெட்டுவார். ஏற்கெனவே காய்ப்பில் இருக்கிற தோட்டத்தைக் குத்தகைக்கு எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கவாத்தும் மருந்துக் கணக்கும் கைவராத ஆளுக்கு, ரெண்டு வெட்டிலேயே முதல் கரைந்துவிடும். ஆசை விடாவிட்டால், முதலில் ஏதாவது ஒரு தோட்டத்தில் ஒரு கவாத்திலிருந்து அறுவடை வரைக்கும் நாலு மாதம் கூடவே இருந்து வேலை பாருங்கள். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே போய் உங்கள் மண், தண்ணீர் பரிசோதனை முடிவைக் காட்டிக் கேளுங்கள். ஒருவேளை, பந்தலில் போடுகிற பணத்தில் சொந்த ஊரில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டினாலே போதும் என்றுகூட ஆகலாம்.

அப்படி ஊரிலேயே இருக்கத் தீர்மானித்தால், இதே மாவட்டம் உங்களுக்கு இன்னொன்றும் கொடுத்திருக்கிறது. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில் உருவான ‘பி.கே.எம்.-1’ செடிமுருங்கை. குறைந்த தண்ணீரில், ஆறே மாதத்தில் காய்ப்புக்கு வரும். பி.கே.எம். என்பது பெரியகுளத்தின் ஆங்கிலச் சுருக்கம். ஆப்பிரிக்க நாடுகளில் முருங்கைக் கீரைக்காகப் பயிர் செய்கிறவர்கள்கூட இந்த விதையைப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள்.

போடியில் ஒரு தட்டு ஏலக்காய்

மூன்றாம் நாள் போடிநாயக்கனூர். பஸ்ஸை விட்டு இறங்கும்போதே ஏலக்காய் வாசனை. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் இங்கேயும் இடுக்கியில் புத்தடியிலும் மாறி மாறி நடக்கிறது. ஆளுக்கொரு கம்ப்யூட்டர் முன்னால் வியாபாரிகள். ஒவ்வொரு லாட்டுக்கும் மாதிரி ஏலக்காயை எல்லோர் முன்னாலும் வைக்கிறார்கள். கையில் எடுத்துப் பார்க்கிறார்கள், நிறம், பருமன், காய்ச்சல் கணிக்கிறார்கள், பொத்தானை அழுத்துகிறார்கள். ஒரு லாட் முடிய ஒரு நிமிஷம்கூட ஆவதில்லை. நாற்பத்தைந்து நாளைக்கு ஒரு தடவை பறித்து, அஞ்சு கிலோ பச்சைக்காயை ஸ்டோரில் உலர்த்தி ஒரு கிலோவாக்கி வருகிற சரக்கு அது.

2019 ஆகஸ்ட்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. முதல் வருஷம் வெள்ளம், அந்த வருஷம் வறட்சி, அதனால் காய் இல்லை. அந்த விலையைப் பார்த்து நெல் வயலை விற்று மேலே தோட்டம் வாங்கியவர்கள் உண்டு. விலை பிறகு இறங்கியது. காரணம் கேட்டால், வியாபாரி குவாத்தமாலா என்கிறார். மத்திய அமெரிக்காவில் இருக்கிற அந்தச் சின்ன நாட்டுக்கு, சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஜெர்மன் தோட்டக்காரர் நம் பக்கத்து ஏலச் செடியைக் கொண்டுபோய் நட்டார். இன்றைக்கு உலகச் சந்தையில் நமக்குப் பெரிய போட்டியே அதுதான். அங்கே ஏலக்காய் சாப்பிடுகிற பழக்கமே பெரிசாக இல்லை. விளைவதெல்லாம் அரபு நாட்டுக் காபிக்குப் போகிறது. குவாத்தமாலா மலையில் விளைச்சல் கூடினால், கம்பம் மெட்டு ஜீப்பில் போகிற அம்மாவுக்கு வேலை நாள் குறைகிறது.

சந்தைக்குப் பக்கத்தில் ஏலக்காய் தரம் பிரிக்கிற ஒரு கிட்டங்கிக்குப் போனேன். இருபது, முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெடித்ததையும் வெளுத்ததையும் விரல் நுனியால் ஒதுக்குகிறார்கள். எட்டு எம்.எம். சல்லடையில் நிற்கிற பச்சைக்காய் ஒரு பக்கம், மற்றது இன்னொரு பக்கம். “தீபாவளிக்கு ரெண்டு மாசம் முந்தியே எங்களுக்கு வேலை கூடிரும். வடநாட்டு ஸ்வீட்டுக்குப் போகும்ல” என்றார் ஒரு பெண். கை நிற்கவில்லை.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு: பல வருஷம் நின்றுபோயிருந்த ரயில், 2023 ஜூனிலிருந்து போடி வரைக்கும் மறுபடி ஓடுகிறது. மதுரையிலிருந்து அதில் வந்தால், ஆண்டிபட்டிக் கணவாயை ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். நடவு பார்க்க ஜூன் கடைசி, ஜூலை. ஏலக்காய் பறிப்பு பார்க்க ஆகஸ்ட்டுக்குப் பிறகு. மலைக்கு ஏறுகிற ஜீப்பைப் பார்க்க எந்த மாதமும் சரி, காலை நாலு மணிக்கு டீக்கடையில் இருக்க வேண்டும்.